அத்தான் வெள்ளைக்காரனாகத் தோற்ற நாள்

1

இன்று மஸ்கட்டில் எங்கள் வீட்டில் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும். ஆண்டுதோறும் இந்த நாளில் இதுதான் சமையல். ஊரில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸும் ஓணமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பண்டிகை. என் அக்காவின் கணவர் தாசய்யன் அத்தான், வெள்ளைக்காரனாக ஒரு பரீட்சை எழுதித் தோற்றுப்போன நாள் இது. தோற்றதற்கு எதற்குப் பண்டிகை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் சிரித்துவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புளி கொதித்துக்கொண்டிருந்தபோது என் மகள் அனிதா அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரியில் அவள் இப்போது நெஞ்சு டாக்டர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் பாதி மலையாளம், மீதி ஆங்கிலம், நடுவில் எங்கோ நானும் இருப்பேன்.

"அம்மா, ஒரு கார்யம். புது ஊதுற மெஷின் வந்நு. அதில ரேஸ் பட்டன் இல்ல. எடுத்துட்டாங்க. இனி எல்லார்க்கும் சேம்."

நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. குழம்பு பொங்கி அடுப்பை அணைத்தது, அப்போதும் சிரித்தேன். அவள் பயந்துபோய், "அம்மா, ஆர் யூ ஓகே? பி.பி. மருந்து எடுத்தோ?" என்று கேட்டாள். மருந்தும் எடுத்தேன், சோறும் தின்றேன், என் ஆயுளில் இப்படி ஒரு செய்தி கேட்டதில்லை என்று சொன்னேன்.

அந்தப் பட்டன் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த வேலை, மனிதர்களை ஊத வைப்பது. நோயாளி ஒரு குழாயில் வாயை வைத்து, நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஊத வேண்டும். நான் பக்கத்தில் நின்று, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஊதுவதற்கு முன் இயந்திரம் சில கேள்வி கேட்கும். உயரம், வயது, ஆணா பெண்ணா. கடைசியாக, என்ன இனம். வெள்ளையர் என்று அமுக்கினால், இந்த ஆளிடம் இவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். கறுப்பர் என்றோ ஆசியர் என்றோ அமுக்கினால், எதிர்பார்ப்பதில் ஒரு பங்கைத் தானே கழித்துக்கொள்ளும். இவர்களிடம் இவ்வளவுதான் இருக்கும், இது போதும் என்று அர்த்தம்.

இந்த ஒரு பட்டன்தான் எங்கள் அத்தானின் உயிரில் கை வைத்தது.

2

இனம் என்ன என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே குழப்பம். கேரளத்தின் தெற்கு எல்லையில், உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் பிறந்தவர்கள் நாங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கோவில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சில் ஜெபம் தமிழிலும் சண்டை மலையாளத்திலும். மஸ்கட்டில் மலையாளிகள் சங்கத்துக்குப் போனால் தமிழச்சி என்ற இளக்காரத்தில் பாண்டி என்பார்கள். தமிழர்கள் பொங்கலுக்குப் போனால், "நீங்க கேரளாவா? தமிழ் நல்லா பேசறீங்களே" என்று பாராட்டுவார்கள். குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போனபோது தாய்மொழி என்ன என்று கேட்ட குமாஸ்தாவிடம் நான் தமிழ் என்றேன். பிறந்த இடம் கேரளம் என்று பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்து, அவரே மலையாளம் என்று திருத்தினார். அடுத்த முறை நானே மலையாளம் என்று சொன்னேன். அன்று இருந்தவர் என் பெயரைப் பார்த்துவிட்டுக் கொங்கணியா என்று கேட்டார். ஸ்டெல்லா என்று பெயர் வைத்த என் அப்பாவைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அப்பாவின் பெயர் யேசுவடியான். மேலேவீடு என்ற பெரிய வீட்டின் நிலத்தில் குடிசை போட்டுக் குடிகிடந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் நடந்த விதத்தைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். மேலேவீட்டுக்காரர்களுக்கு வைத்தியர் உள்ளே போய் நாடி பிடித்துப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். வயிற்றை அமுக்குவார். எங்கள் ஆட்களைத் தொட மாட்டார். நாங்கள் அவருடைய முற்றத்துக்கு வெளியே, பலா மரத்துக்கு அப்பால் நின்று இரும வேண்டும். அவர் உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தபடி இருமலைக் கேட்டு நோய் சொல்வார். மருந்துப் பொட்டலத்தை வேலைக்காரன் மரத்தடியில் வைத்துவிட்டுப் போவான்.

நடக்க முடியாத நோயாளி என்ன செய்வான்? இங்கேதான் என் அப்பா வருகிறார். யார் இருமலையும் ஒரு தடவை கேட்டால் அப்படியே இருமிக் காட்டுகிற வரம் அவருக்கு இருந்தது. கிழவி இருமல், பிள்ளை இருமல், சளி கட்டிய இருமல், நெஞ்சு வறண்ட இருமல் எல்லாம் வரும். ஆகவே சுற்று வட்டாரத்தில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் அப்பாவைக் கூப்பிட்டுத் தங்கள் இருமலைக் கேட்க வைப்பார்கள். அப்பா அதை மனதில் வைத்துக்கொண்டு, வழியில் மறந்துபோகாமல் இருக்க வாயை இறுக்கி மூடி, யாரோடும் பேசாமல் வைத்தியர் வீட்டுக்கு நடப்பார். பலா மரத்தடியில் நின்று இருமுவார்.

"எலே, இது ஆருக்கு?" என்று வைத்தியர் உள்ளேயிருந்து கேட்பார்.

"கிழக்கே செல்லம்மைக்காக்கும்," என்பார் அப்பா.

செல்லம்மைக்கு மருந்து வரும். சில நேரம் ஒரே நடையில் மூன்று பேருக்கு இருமிவிட்டு வருவார். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு இருமலுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிலை போடுவார். அவரை எங்கள் பக்கத்தில் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்கே இருமல் வந்தது, பல நாளாகியும் போகவில்லை. இரவெல்லாம் இருமி, காலையில் பலா மரத்தடிக்குப் போய் நின்றார். அன்று அவர் யாரையும் போல இருமத் தேவையில்லை.

"கொள்ளாம், இண்ணு நல்லா வருது," என்றாராம் வைத்தியர். "ஆருக்கு?"

"எனக்காக்கும்."

வைத்தியர் வயிறு குலுங்கச் சிரித்தாராம். பிறகு, "உங்க ஆளுகளுக்க நெஞ்சு கருங்கல்லு. இருமல் வந்தது போல போவும். போய் வேல செய்யி," என்றாராம். மரத்தடிக்குப் பொட்டலம் வரவில்லை.

இதை அப்பா சொல்லும்போது வைத்தியரின் சிரிப்பையும் சேர்த்தே செய்து காட்டுவார். நாங்கள் உருண்டு சிரிப்போம். கடைசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவருடைய நெஞ்சில் கையை வைத்துத் தட்டிப் பார்த்து, குளிர்ந்த குழலை வைத்துக் கேட்டு, காச நோய் என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு பக்க நுரையீரல் பாதி போன பிறகு. ஆனாலும் பிழைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் இருமினாலும் மற்றவர்கள் உடனே "ஆருக்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பதிலும் மாறாது. எனக்காக்கும்.

3

நிலச் சட்டம் வந்தது. குடிகிடந்த இடத்தில் எங்களுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. வேலி கட்டிய அன்று அப்பா பத்து சென்டின் நடுவில் போய் நின்று, தொண்டையைச் சரி செய்து, அருமையாக ஒரு இருமல் இருமினார். யாருக்காகவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. சும்மா, சொந்த மண்ணில். மேலேவீட்டுப் பக்கத்தில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது என்று அக்கா லீலா இன்றும் சத்தியம் செய்வாள்.

அந்த லீலாவைக் கட்டியவர்தான் தாசய்யன் அத்தான். வெள்ளறடைக்காரர். கல்யாண பேண்ட் செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். தன் கல்யாணத்துக்குத் தானே ஊதிக்கொண்டு வந்த மாப்பிள்ளையை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. உதியன்குளங்கரை முக்கிலிருந்து கோவில் வாசல் வரை, மேட்டிலும் வளைவிலும், ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் ஊதினார். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அப்பா அவருடைய முதுகைத் தடவிப் பார்த்தார். காற்று விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மருமகன் என்று முடிவு கட்டினார்.

பேண்ட் செட் ஆறு மாதம்தான் ஓடும். மீதி ஆறு மாதம் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது தெருவுக்கு ஒருவர் கல்ஃபுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தானும் பம்பாய் போய், மெடிக்கல் பாஸ் ஆகி, மஸ்கட் வந்தார். எண்ணெய்க் குழாய்களுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் மணலைக் காற்றோடு பீய்ச்சித் துருவை எடுக்கும் வேலை. மணலடி என்று சொல்வார்கள். முகத்தில் ஒரு துணி, அதன்மேல் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் காவல். திருவனந்தபுரத்தில் டெக்னீஷியன் படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கடிதம் போட்டவரும் அவர்தான். நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நின்றிருந்தார். என் பெட்டியைத் தூக்கினார். பத்தடி நடந்ததும் கீழே வைத்தார்.

"பெட்டிக்க உள்ள கல்லு கொண்டு வந்தியா மக்கா?" என்று சிரித்தார்.

பெட்டியில் அக்கா கொடுத்துவிட்ட ஏத்தங்காய் வத்தல், அதாவது நேந்திரங்காய்ச் சிப்ஸ்தான் இருந்தது. உதியன்குளங்கரையிலிருந்து கோவில் வரை ஊதிய மனிதர் அவர். மீதித் தூரம் பெட்டியை நானே தூக்கினேன்.

4

பிறகு ஒரு நாள் சாரத்தில் வேலை செய்யும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டார். கம்பெனி டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே ஊதும் பரிசோதனைதான் தீர்ப்பு. காற்று குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் மணலிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடுவார்கள், வைத்தியச் செலவும் கம்பெனியுடையது. குறையவில்லை என்றால் இங்கே வாரம் தொடங்கும் சனிக்கிழமை மறுபடியும் மணல். மறுபடியும் மணல் என்றால் தூசி படிந்த நெஞ்சு என்ன ஆகும் என்பது தினமும் மணல்காரர்களை ஊத வைத்த எனக்குத் தெரியும். அக்காவின் கைக்குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது.

அத்தானுக்கோ இது வேறு கதை. கல்ஃபுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் மனப்பாடம். மெடிக்கல் என்று எதைச் சொன்னாலும் பாஸாக வேண்டும். அன்ஃபிட் என்றால் டிக்கெட், டிக்கெட் என்றால் ஊர், ஊர் என்றால் லின்டல் மட்டத்தில் நிற்கும் வீடு. ஆகவே நோயை நிரூபிக்க வேண்டிய பரிசோதனைக்கு அத்தான் ஆரோக்கியத்தை நிரூபிக்கத் தயார் செய்துகொண்டு வந்தார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஒரு வாரமாகப் பலூன் ஊதிப் பழகியிருக்கிறார். கூட்டாளிகள் சுற்றி நின்று கைதட்டியிருக்கிறார்கள். முட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று காலை முடிக்கு எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், இது பாஸாவுற டெஸ்ட் இல்ல," என்றேன். "இருக்கது போல ஊதினா போதும்."

"நீ பேசாத இரி பிள்ளே. தாசய்யன் ஆருண்ணு இண்ணு காட்டுதேன்."

குழாயைக் கொடுத்தேன். உதட்டைக் குவித்துக் கன்னத்தை உப்பி ட்ரம்பெட்டைப் பிடிப்பது போலப் பிடித்தார். இயந்திரம் தவறு என்று கத்தியது. உதட்டால் குழாயைச் சுற்றி மூடுங்கள் என்றேன். இரண்டாவது தடவை ட்ரம்பெட்டில் செய்வது போல விரலால் பிஸ்டன் அமுக்கினார், அங்கே பிஸ்டனே இல்லை. மூன்றாவது தடவை சரியாக ஊதினார். நான் கத்தினேன். அவர் முகம் சிவந்து, நரம்பு புடைத்து, கடைசிச் சொட்டு வரை ஊதிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினார். உதடு கறுத்துவிட்டது.

இயந்திரம் தாளைத் துப்பியது. இயல்பு என்று இருந்தது.

அத்தான் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் எடுத்தார். ஜெயிப்பேன் என்ற உறுதியில் வாங்கிக்கொண்டே வந்திருந்தார். எனக்கு ஒன்று, கூட்டுகிற அம்மாவுக்கு ஒன்று, வெளியே வரிசையில் இருந்த பாகிஸ்தான் பட்டாணியருக்கு ஒன்று. கொடுத்துவிட்டு நடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். மிட்டாயை வாயில் போட முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

5

இந்த இயந்திரத்தைப் பழக்கிக் கொடுத்தவர் எங்கள் தலைமை டெக்னீஷியன் மார்கரெட். இங்கிலாந்துக்காரி, நல்ல மனுஷி, ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்ற வைப்பார். இனப் பட்டன் எதற்கு என்று முதல் வாரமே கேட்டேன். "உங்கள் மக்களுக்கு நுரையீரல் சிறியது, கண்ணே. அப்படித்தான்" என்றார். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. நானும் வருஷக்கணக்காக ஆசியர், ஆசியர் என்று அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் காதில் பலா மரத்துக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. உங்க ஆளுகளுக்க நெஞ்சு கருங்கல்லு. வைத்தியர் சொன்னது பலமான நெஞ்சு, இயந்திரம் சொல்வது சிறிய நெஞ்சு. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான். போய் வேல செய்யி.

இயந்திரத்திடம் திரும்பிப் போனேன். அத்தானுடைய அதே மூச்சு இயந்திரத்தின் நினைவில் அப்படியே இருந்தது. இனத்தை மட்டும் மாற்றினேன். வெள்ளையர்.

தாள் வந்தது. காற்று குறைவு, நடுத்தரப் பாதிப்பு.

ஒரே ஆள், ஒரே நெஞ்சு, ஒரே ஊதல். வெளியே பெஞ்சில் எங்கள் அத்தான் வெள்ளைக்காரனாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு, நெஞ்சுப் பிரிவு டாக்டர் இத்ரீஸின் அறைக்கு ஓடினேன். அவர் சூடான்காரர். ஆறடிக்கு மேல் உயரம், கதவில் குனிந்துதான் வருவார். என்ன ஆயிற்று என்று கேட்டார். என்னால் பேச முடியவில்லை. தாளைக் காட்டினேன்.

ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். பிறகு மேசையில் கையை ஊன்றிச் சிரித்தார். நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலத்தில், தமிழில் சொல்கிறேன்.

"உன் அத்தானுக்கு ஆசியர் பட்டன். எனக்கு அதற்கு முந்தியது, கறுப்பர்" என்றார். "அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அடிமைகளை வைத்துப் பருத்தி போட்ட காலத்தில், இந்த மாதிரிக் கருவியைக் கொண்டுபோய் அவர்களை ஊத வைத்தார்கள். காற்று குறைவாக இருந்தது. பட்டினி, புகை, ஈரத் தரை, தூசி, எதையும் கேட்கவில்லை. பிறவியிலேயே நுரையீரல் சின்னது, வெயிலில் வேலை வாங்கினால்தான் இவர்களுக்கு ரத்தம் ஓடும் என்று முதலாளிக்குப் பிடித்த மாதிரி எழுதினார்கள். அது புத்தகத்துக்குப் புத்தகம் போய், கடைசியில் பட்டனாகிவிட்டது."

"எங்க ஊர்லயும் எழுதாத புத்தகம் ஒண்ணு உண்டு டாக்டர்" என்று சொல்லி, பலா மரத்தையும் வக்கீல் யேசுவடியானையும் சொன்னேன். அப்பாவின் இருமல்களில் இரண்டை இருமியும் காட்டினேன். இரண்டாவது இருமலில் மார்கரெட் உள்ளே வந்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

டாக்டர் இத்ரீஸ் எழுந்தார். "மார்கரெட், வா, எல்லோரும் ஊதுவோம்" என்றார்.

அன்று மதியம் எங்கள் அறையில் நடந்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது? முதலில் டாக்டர் ஊதினார். கறுப்பராக நல்ல ஆரோக்கியம். பட்டனை மாற்றினோம், வெள்ளையராக லேசான பாதிப்பு. "கல்லூரியில் நான் பந்தாட்டக்காரன். என் இனத்தை எனக்குத் திருப்பிக் கொடு" என்று கெஞ்சினார். அடுத்து நான். ஆசியராகப் பிரமாதம், வெள்ளைக்காரியாக இன்னும் கொஞ்சம் முயற்சி வேண்டும். கூட்டுகிற அம்மா தானும் ஊத வேண்டும் என்று விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு வந்தார். கடைசியாக மார்கரெட். சிகரெட்டை வெளியே வைத்துவிட்டு வந்து ஊதினார். வெள்ளைக்காரியாகப் பாதிப்பு. நான் அவரை இந்தியராக்கினேன். இயல்பு.

மார்கரெட் அந்தத் தாளை முதல் தாளோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

"அப்படியென்றால் நான் பம்பாயில் பிறந்திருந்தால் எனக்கு இருமல் மருந்துகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்" என்றார்.

"வேலைக்குப் போகச் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

மார்கரெட் அத்தானை உள்ளே கூப்பிட்டார். அவருடைய முதுகில் கையை வைத்து, மூச்சு இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். கறுத்த உதட்டைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வெள்ளையர் தாளை வாங்கி, அதன் கீழே தலைமை டெக்னீஷியன் என்று கையெழுத்துப் போட்டார். டாக்டர் இத்ரீஸ் அதன் பக்கத்தில் போட்டார். அத்தானை இயல்பு என்று சொன்ன மற்றத் தாளை மார்கரெட் மடித்துத் தன் சிகரெட் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

6

மிச்சமிருந்தது அத்தானிடம் சொல்வது. அதுதான் கஷ்டம். தோற்றுவிட்டீர்கள் என்றதும் முகம் பேயறைந்தது போல ஆனது.

"என்னை அன்ஃபிட் ஆக்கிப் போட்டியா பிள்ளே? உனக்க அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

டிக்கெட் இல்லை, ஸ்டோர் என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. ஸ்டோர் என்பது ஊருக்கு அனுப்புவதற்கு முன் வைக்கும் இடம் என்று கேம்ப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலூன் ஊதியதை, முட்டை தின்றதை, எல்லாவற்றையும் நான் பாழாக்கிவிட்டேன் என்று எழுந்து கதவு வரை போய்விட்டார். மணலுக்கே திரும்பிப் போகிறேன் என்றார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். மணலுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும், அக்கா தனியாகிவிடுவாள்.

"அத்தான், நிங்க நம்ம பரீட்சையில பாஸ் ஆயாச்சு," என்றேன். "முதல் பேப்பர் நம்மளுக்குள்ளது. அதில நல்ல மார்க்கு. இது வெள்ளக்காரனுக்குள்ள பரீட்ச ஆக்கும். அதுக்கு பாஸ் மார்க்கு கூடுதல்."

நின்றார்.

"வெள்ளக்காரனுக்குள்ள பரீட்சயா? எனக்கா?"

"ஓ. அந்த மதாம்மையே கையெழுத்து போட்டாச்சு."

அத்தான் திரும்பி மார்கரெட்டைப் பார்த்தார். மார்கரெட் எதுவும் புரியாமல் தலையை ஆட்டினார். அத்தான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதில தோத்தா கொறச்சல் ஒண்ணும் இல்ல," என்றார். "எவ்வளவுக்கு தோத்தேன்?"

"கொஞ்சத்துக்குத்தான்."

அக்காவுக்கு அன்றே கடிதம் போட்டார். வெள்ளைக்காரர்கள் எழுதும் பரீட்சையில் தன்னையும் உட்கார வைத்தார்கள் என்றும், கொஞ்சத்தில் தவறிவிட்டது என்றும், அதனால் ஸ்டோரில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றும். அக்கா அந்தக் கடிதத்தைக் கோவிலில் வாசித்துக் காட்டினாள். அன்று அப்பா ஒன்றரை நுரையீரலோடு மத்தி வாங்கக் கடைக்கு நடந்தார். அப்படித்தான் பண்டிகை ஆரம்பித்தது, நாள் மட்டும் கடிதத்தில் போட்டிருந்த தேதி.

அத்தானோடு மணலடித்தவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களில் சிலரை நான்தான் ஊத வைத்தேன். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் அறையில் மணல்காரர்கள் எல்லோரும் ஆசியராக ஒரு தடவை, வெள்ளையராக ஒரு தடவை என்று இரண்டு தடவை பிறந்தார்கள், இரண்டு தாளோடு டாக்டரிடம் போனார்கள். அதற்கு முன் வந்தவர்களை நினைத்தால்தான் சிரிப்பு நின்றுவிடுகிறது.

7

இன்று மரச்சீனியை இறக்கி வைத்துவிட்டு ஊருக்கு அழைத்தேன். அக்கா எடுத்தாள். அத்தானிடம் கொடுத்தாள். ஸ்டோரில் வேலை பார்த்து, வீட்டை முடித்து, பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டார். முழு வாக்கியம் ஒரே மூச்சில் வராது, பாதியில் நிறுத்தி இழுத்துக்கொள்வார். குறும்பு மட்டும் குறையவில்லை.

"சொல்லு மக்கா. மத்தி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அத்தான், அந்தப் பட்டனை எடுத்துப் போட்டாங்க."

"எந்தப் பட்டன?"

"நிங்கள வெள்ளக்காரனாக்கின பட்டன். இப்பம் அனிதா சொன்னா."

ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"அப்போ இனி நான்... வெள்ளக்காரன் இல்லியா?"

"இல்ல. இனி எல்லாருக்கும் ஒரே பரீட்ச ஆக்கும்."

"அப்பிடியா காரியம்," என்றார். "அப்போ எனக்கு... இன்னும் ஒருக்க எழுதணும். நீ சத்தம் போட்டு விளி. நான் ஊதுதேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊத ஆரம்பித்துவிட்டார். போனில் காற்று வந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்று, ஒரு கையில் அகப்பையோடு, ஓய்வு பெற்றதையெல்லாம் மறந்து கத்தினேன். ஊதுங்க அத்தான், ஊதுங்க, இன்னும், இன்னும், இன்னும் கொஞ்சம். பக்கத்து வீட்டு பாகிஸ்தான்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். அங்கே அக்கா சிரிப்பதும் கேட்டது. காற்று மெலிந்தது, இழைந்தது, உதியன்குளங்கரை முக்கைத் தாண்டுவதற்குள் நின்றுபோனது. பிறகு இருமல். விடாமல் வந்த பெரிய இருமல். அக்காவின் சிரிப்பு நின்று, முதுகைத் தடவும் சத்தம் கேட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு வழக்கம் வழக்கம்தானே.

"ஆருக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

இழுத்து, இழுத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"எனக்காக்கும் மக்கா," என்றார். "வேற ஆருக்கும் இல்ல... எனக்குத்தான்."